பஞ்சத்திற்குப் பின் புதுக்கோட்டை: திவான் அ. சேஷையா சாஸ்திரியின் ஆட்சிப்பணி

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தையும் விட்டுவைக்கவில்லை. 1871இல் 3.16 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 3.02 இலட்சமாகக் குறைந்தது. பஞ்சம் முடியும் தறுவாயில், 1878இல், இந்நாட்டின் நிருவாகத்தை ஏற்றவர் அ. சேஷையா சாஸ்திரி. அதுவரை சிர்க்கேல் என வழங்கிவந்த தலைமை அமைச்சர் பதவி அவர் காலத்தில்தான் திவான் என்னும் பெயரைப் பெற்றது.

தஞ்சை மாவட்டத்தின் அமராவதி என்னும் சிற்றூரில் 1828இல் பிறந்த இவர், சென்னையில் பவல் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். வருவாய்த்துறையில் எழுத்தராகப் பணி தொடங்கி, மசூலிப்பட்டினத்தில் தாசில்தாராகி, படிப்படியாக உயர்ந்து, 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கினார். அத்தகைய பெரிய சமஸ்தானத்தை ஆண்டவர் கடனில் மூழ்கிய ஒரு சிறு சமஸ்தானத்திற்கு வந்தது வியப்புக்குரியது. மன்னர் இராமச்சந்திர தொண்டைமானின் செலவுப்போக்கைக் குறித்து ஆங்கில அரசு நெடுங்காலமாகவே அதிருப்தி கொண்டிருந்தது.

அவர் சீர்திருத்தங்களுள் முதன்மையாகக் கருதத்தக்கது அமானி முறையின் ஒழிப்பு. இம்முறையில் விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொண்டனர். கதிர் முற்றினாலும் அதிகாரிகள் வந்து மதிப்பிடும்வரை குடியானவர் தம் விருப்பப்படி அறுவடை செய்ய இயலாது. காவல், அளவை, களஞ்சியம் என ஒவ்வொரு நிலையிலும் நெல் கசிந்தது. சாஸ்திரி இதனை மாற்றிப் பணத்தீர்வையாக்கினார். நிலையான தீர்வை குடியானவருக்கு உறுதியளித்தது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் பங்குமுறை இயல்பாகவே தந்த தளர்வு இதில் இல்லை என்பதையும் கருதவேண்டும்.

வற்றாத ஆறில்லாத இந்நாட்டில் வேளாண்மை கண்மாய்களையே நம்பியிருந்தது. வெள்ளாற்றிலும் பருவகாலத்தில்தான் நீரோடும். எனவே கரை உடைந்தால் ஊரின் விளைச்சலே போயிற்று. ஏரி, குளங்களின் செப்பனிடல் அவர் ஆட்சியில் முனைப்புப் பெற்றது. நகரில் பல்லவன்குளம் தூர்வாரப்பட்டது. குடிநீருக்கெனப் புதுக்குளம் வெட்டப்பட்டது. அலுவலகக் கட்டடங்களும் மருத்துவமனையும் எழுந்தன. கட்டடங்களைப் பலரும் புகழ்வர்; பஞ்சத்தை மறவாத நாட்டுக்கு நீர்நிலைகளே பெரிய பணி.

1886இல் மன்னர் மறைந்தார். அவர் தத்தெடுத்த மகள்வழிப் பெயரர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அப்போது வயது பத்து. ஆகவே 1894 வரை சாஸ்திரி திவான் ரீஜன்ட் எனும் முழுப்பொறுப்பை வகித்தார். இனாம் நிலங்களை ஆய்ந்து வரையறுக்கும் பணி இக்காலத்தில் நடந்தது. மண்ணுப்புக் காய்ச்சும் தொழில் 1887இல் நிறுத்தப்பட்டதும் இக்காலத்திலேயே. அதற்கீடாக ஆங்கில அரசு ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சமஸ்தானத்திற்குச் செலுத்தியது. தொகை கருவூலத்தைச் சேர்ந்தது. தொழிலை இழந்தோர் உப்புக் காய்ச்சியவர்கள். நல்லாட்சிக்குச் சான்றாக அடுக்கப்படும் செயல்களுள் இதனையும் அப்படியே சேர்த்துவிட இயலாது.

1891இல் மக்கள்தொகை 3.73 இலட்சத்தை எட்டியது. நல்ல மழையும் இதற்குத் துணைநின்றிருக்கும்; முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுதுவது மிகை. எனினும் இழந்ததை நாடு பத்தாண்டுகளில் மீட்டது. 1894இல் இளம் மன்னர் ஆட்சியேற்றபோது சாஸ்திரி பதவியிலிருந்து விலகிக் கும்பகோணத்திற்குத் திரும்பினார். 1902இல் சர் பட்டம் பெற்று, அதற்கடுத்த ஆண்டில் காலமானார்.