பல கைகள் எழுதிய ஒரே முகம்

காலண்டரில் முருகன் புன்னகை புரிகிறான். போன வருஷத்துக் காலண்டரிலும் அதே புன்னகைதான். பக்கத்து வீட்டுப் படத்திலும் அதே களை, அதே கண்கள்! ஆனால் இந்தப் படங்களை எழுதியவர் ஒருவர் அல்ல, பலர். பல கைகளில் ஒரே முகம் வந்தது எப்படி?

அதற்குக் காரணமானவர் ஓவியர் சி. கொண்டையராஜு.

ஆசிரமமும் நாடகமும்

1898-ம் ஆண்டில் சென்னையில் பிறந்தவர் அவர். அங்குள்ள அரசாங்க ஓவியப் பள்ளியில் சித்திரம் கற்றார். படித்ததும் பணம் தேடி ஓடவில்லை. ஜவ்வாது மலைக்குத் தென்கிழக்கே உள்ள திருவண்ணாமலைக்குப் போனார். ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார்.

பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச் சீலைகள் எழுதினார். நாடகத் திரை, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும். அரண்மனையா, காடா, கயிலாயமா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

1940-களில் கோவில்பட்டியில் குடியேறினார். அருகிலே அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசி. சாமி படக் காலண்டர்களுக்குக் கிராக்கி பெருகிற்று. ஒருவர் எழுதி மாளாது!

குருவும் சீடர்களும்

டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய இளைஞர்கள் அவரிடம் சேர்ந்தார்கள். குருவுடன் கூடவே இருந்து, அவர் கோடு இழுப்பதையும் வர்ணம் தீட்டுவதையும் பார்த்துக் கற்றார்கள். ஒரே படத்தில் குருவும் சீடரும் சேர்ந்து வேலை செய்வது உண்டு.

இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. வீட்டிலே விளக்கேற்றி வணங்கும் படம் அது. சீடர் ஒருவர் தம் இஷ்டம்போல் மூக்கையோ கண்ணையோ மாற்றிவிட்டால், பழகிய தெய்வம் அந்நியமாகிவிடும். கும்பிடுகிறவர் மனம் ஒட்டாது.

ஆகவே அடையாளங்கள் மாறவில்லை. மீனாட்சி என்றால் பச்சை மேனி, கையிலே கிளி. முருகன் என்றால் வேலும் மயிலும். கஜலட்சுமி என்றால் தாமரையும் இரு புறமும் யானைகளும். இவை பழைய மரபு. அந்த மரபோடு, உருண்டு திரண்ட கன்னத்தையும் கருணை ததும்பும் கண்களையும் கொண்டையராஜு சேர்த்தார். அதுவே கோவில்பட்டிப் பாணி ஆயிற்று.

பேரைப் பங்கிட்ட குரு

புகழ் பெற்றவர்கள் தம் பேரைப் பிறருக்குப் பங்கு கொடுப்பது அபூர்வம். கொண்டையராஜு கொடுத்தார். அவர் பேருடன் சீடர் பேரும் சேர்ந்து அச்சான படங்கள் பல. தம் பேர் தனித்து நிற்பதைவிடப் பாணி நிலைத்து நிற்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

இன்று குழந்தைகள் விளையாடும் வீடியோ விளையாட்டுகளிலும் இதே சங்கடம் உண்டு. ஒரு விளையாட்டு பல பாகங்களாக வரும். ஓவியர்கள் மாறுவார்கள். கதாநாயகன் முகம் மாறினால் குழந்தைகள் ஏற்பார்களா? அதனால், மாதிரிப் படங்களை முன்னே வைத்துக்கொண்டுதான் வரைகிறார்கள். கோவில்பட்டியில் குருவின் கையே மாதிரியாக இருந்தது.

1976-ம் ஆண்டில் கொண்டையராஜு காலமானார். சீடர்கள் தொடர்ந்து எழுதினார்கள். குரு மறைந்தார், அவர் தந்த முகம் மறையவில்லை.