ஓர் இரவில் வரைந்த படம்

முன்னோர் கண்டவற்றைக் கற்றுத் தேர்வு எழுதுதலே தம் கடமை எனக் கல்லூரி மாணவர் பலர் எண்ணுவர். புதியன காணுதல் பேரறிஞர்க்கே உரியது என்பது அவர்தம் கருத்து. ஆனால், பட்டம் பெறுமுன்னரே உயிர்நூலில் எவரும் அறியாத ஓர் உண்மையைக் கண்ட மாணவர் ஒருவர் இருந்தார். அவரே ஆல்பிரெடு ஹென்றி ஸ்டர்ட்டவன்ட் என்பவர்.

ஸ்டர்ட்டவன்ட், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்து ஜாக்சன்வில் என்னும் ஊரில், 1891 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21 ஆம் நாள் பிறந்தார். அவர் ஏழு வயதினராய் இருந்தபொழுது, குடும்பத்தார் தெற்கேயுள்ள அலபாமா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து பயிர்த்தொழில் செய்தனர். அங்குத் தந்தையார் வளர்த்த குதிரைகளே அவருக்கு முதற் பாடநூலாயின. அவற்றின் கால்வழியைச் சிறுவர் ஆர்வத்துடன் எழுதி வைத்தார்.

1908 ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், அவர் நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, தமையனார் இல்லத்தில் தங்கிப் பயின்றார். தம்பியின் ஆர்வத்தை அறிந்த தமையனார், பாரம்பரியத்தைப் பற்றிய நூல்களைப் படிக்குமாறு தூண்டினார். மெண்டல் கண்ட விதிகளைப் படித்ததும், குதிரைகளின் நிறமும் அவ்விதிகளுக்கு அடங்கும் என்பது இளைஞருக்குப் புலனாயிற்று. உடனே ஒரு கட்டுரை எழுதிப் பேராசிரியர் மார்கனிடம் காட்டினார். எழுதியவர் சிறுவர் என்று மார்கன் ஒதுக்கிவிடவில்லை. கட்டுரையை வெளியிடச் செய்து, தம் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஓர் இடமும் அளித்தார்.

அவ்வாய்வுக்கூடம் எட்டு மேசைகள் நெருங்கிக் கிடந்த ஒரு சிற்றறையே. அங்கே பால்புட்டிகளில் வாழைப்பழத்தை உணவாக இட்டுப் பழ ஈக்களை வளர்த்தனர். ‘ஈ அறை’ என்பதே அதன் பெயர். பிரிட்ஜஸ் என்னும் மற்றொரு மாணவரும் அங்கு உழைத்தார். ஆசிரியர், மாணவர் என்ற வேற்றுமையின்றி யாவரும் தாம் கண்டதைப் பிறருக்கு உரைத்தனர். தவறெனின் தயங்காது மறுத்தனர்.

உயிர்களின் பண்புகளுக்குக் காரணமான ஜீன்கள், குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகளில் அமைந்துள்ளன. ஒரே இழையிலுள்ள ஜீன்கள் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளைச் சென்றடையும். எனினும், இணையான இரண்டு இழைகள் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்ளும்பொழுது அவை பிரிதலும் உண்டு. பூச்சரம் ஒன்று எங்கேனும் அறுந்தால், அருகருகே உள்ள பூக்கள் பிரிதல் அரிது. தொலைவில் உள்ளவை பிரிதல் எளிது அன்றோ? ஜீன்களும் அத்தகையனவே என மார்கன் கருதினார்.

1911 ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், இதுபற்றி ஆசிரியரும் மாணவரும் உரையாடினர். அப்பொழுது ஸ்டர்ட்டவன்டின் உள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னிற்று. ஜீன்கள் பிரியும் அளவைக் கணக்கிட்டால், அவை எவ்வரிசையில், எவ்வளவு இடைவெளியில் அமைந்துள்ளன என அறியலாம் அன்றோ? ஆய்வுக் குறிப்புகளுடன் அவர் வீடு திரும்பினார். கல்லூரிப் பாடவேலை மேசைமேல் காத்துக் கிடந்தது. அதனை ஒதுக்கிவிட்டு இரவின் பெரும்பகுதியைக் கணக்கிடுவதிலேயே கழித்தார். பொழுது புலருமுன் ஐந்து ஜீன்கள் ஒரு கோட்டில் வரிசையாய் அமைந்தன. உலகின் முதற் குரோமோசோம் படம் இவ்வாறு பிறந்தது! அன்று அவருக்கு வயது ஏறத்தாழ இருபது.

தொலைவிலுள்ள ஜீன்களின் இடைவெளி மட்டும், இடையிலுள்ள சிறு தொலைவுகளின் கூட்டுத்தொகைக்குச் சற்றுக் குறைந்தது. அவர் அதனை மறைக்கவில்லை. இழைகள் ஈரிடங்களில் மாற்றிக்கொண்டால் ஜீன்கள் பிரியாதனபோல் தோன்றும் எனக் காரணம் காட்டினார். 1913 இல் அவ்வாய்வு வெளியாயிற்று. அவர் கண்ட வரிசை இன்றும் மாறவில்லை. மனிதரின் பரம்பரை நோய்கள் பலவற்றிற்குக் காரணமான ஜீன்களின் இடத்தைக் கண்டறியவும் அம்முறையே பிற்காலத்தில் வழிகாட்டிற்று.

1928 இல் மார்கனுடன் கலிபோர்னியா சென்ற ஸ்டர்ட்டவன்ட், அங்கேயே வாழ்நாள் முழுவதும் ஆய்வு நடத்தினார். 1933 இல் நோபெல் பரிசு பெற்ற மார்கன், பரிசுப் பணத்தை ஸ்டர்ட்டவன்ட், பிரிட்ஜஸ் ஆகியோரின் மக்களுக்கும் பகிர்ந்தளித்தார். அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சு, பிறவாத தலைமுறைகளின் ஜீன்களையும் கெடுக்கும் என 1954 இல் ஸ்டர்ட்டவன்ட் அஞ்சாது எச்சரித்தார். 1970 ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 5 ஆம் நாள் அவர் மறைந்தார்.

அன்றிரவு அவர் பயன்படுத்திய குறிப்புகள் அவ்வறையினர் அனைவரும் அறிந்தவையே. அவற்றை நோக்கிப் புதிய வினா ஒன்றை எழுப்பியதே அம்மாணவரின் பெருமை. அவ்வினாவைச் செவிமடுத்ததே அவ்வாசிரியரின் பெருமை. மாணவர்காள்! நீவிரும் கற்பதோடு அமையாது, வினவவும் கற்பீராக.