கொடுமுடி கோகிலம்

அரவேணுவின் தேயிலைச் சரிவுகளிற் பெய்யும் மழைநீர் ஓடைகளாய் இறங்கிப் பவானியாற்றைச் சேர்ந்து, பின்னர்க் காவிரியோடு கலந்து கொடுமுடியைக் கடந்து செல்கின்றது. அக்கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டிற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். நம் மாணவருட் பலர் இவரைத் தொலைக்காட்சியில் ஔவை மூதாட்டியாக மட்டுமே கண்டிருப்பர். அம்மூதாட்டி முன்னொரு காலத்தில் நாடக மேடையில் வள்ளியாய்த் தினைப்புனங் காத்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

தந்தையை இளமையில் இழந்த இவர், வறுமையின் காரணமாக இரயில் வண்டிகளிற் பாடிப் பொருள் பெற்று வந்தார். இரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேச ஐயர் அக்குரலைக் கேட்டு வியந்து, வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ப்பித்தார். ஆங்கு நல்லதங்காளின் பிள்ளைகளுள் ஒருவராக இவர் மேடையேறினார். பசியால் அழும் பிள்ளையாக நடிக்க இவருக்கு ஆசிரியர் எவரும் வேண்டியிருந்திராது.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவன் செவியிலும் பாட்டு விழுதல் வேண்டும். இவருடைய குரல் அவ்வாறு விழுந்தது. இலங்கையிலும் இவர் புகழ் பரவிற்று. ஆங்கேதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு இவர் இணைந்து நடிக்கலானார். அவர் வேலன், இவர் வள்ளி. ஒருவர் விட்ட இடத்தினின்று மற்றவர் எட்டிப் பிடிக்கும் அப்போட்டியைக் கேட்க மக்கள் இரவு முழுதும் விழித்திருந்தனர். 1927-ல் இருவரும் மணந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். இல்வாழ்க்கை மேடையைப்போல் இசைந்து செல்லவில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன.

1933 டிசம்பரில், 27-ஆம் வயதிற் கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது 25. வெள்ளையாடை உடுத்தார், மேடையையும் நீங்கினார். மீண்டு வந்தபோது, எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியோடு வந்தார். புகழின் உச்சியில் நின்ற நடிகை ஒருவர் வள்ளி வேடத்தைத் துறப்பதாவது, தம் தொழிலிற் பெரும்பகுதியைத் துறப்பதே ஆகும்.

எனினும் குரலைத் துறந்தாரில்லை. 1935-ல் வெளியான 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றமை அந்நாளிற் பெருவியப்பு. 1951-ல் சென்னை மேலவை உறுப்பினரானார். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வெளிவந்தபோது இவருக்கு வயது 44 மட்டுமே. இல்வாழ்வை வேண்டாது முதுமையை வேண்டிப் பெற்ற ஔவையின் கதையை நடிக்க இவரினும் பொருந்தியவர் யாவர்? 'பூம்புகார்' படத்திற் கவுந்தியடிகளாகத் தோன்றியதும் அவ்வழியிலேயே.

1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார் 1980-ல் மறைந்தார். இறுதிவரை அவ்வெள்ளையாடை மாறவில்லை.