விண்ணின் இரைச்சலைக் கேட்டவர்

ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் பிற்காலத்தவர் எத்தனை பேர் தம் கட்டுரைகளில் சுட்டிக்காட்டியுள்ளனர் என எண்ணி, அவருடைய பணியின் பயனை அளப்பது இக்கால வழக்கம். 1940ஆம் ஆண்டில் கார்ல் ஜான்ஸ்கியின் பணியை இவ்வாறு அளந்திருந்தால் மிகச் சிறிய எண்ணே கிடைத்திருக்கும். ஆயினும், வானொலி வானியல் என்னும் துறை அவரிடமிருந்தே தொடங்குகிறது.

ஜான்ஸ்கி 1905 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா பகுதியில் உள்ள நார்மன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பொறியியல் பேராசிரியர். அவர் தம் ஆசிரியர்மீது கொண்ட மதிப்பால், அவருடைய பெயரையே மகனுக்கு இட்டார். பத்து வயது மூத்த அண்ணன் வானொலிப் பொறியாளர் ஆனார். ஜான்ஸ்கி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1927இல் பட்டம் பெற்றார். பனி ஹாக்கியும் டென்னிசும் ஆடிய அவ்விளைஞரைச் சிறுநீரக நோய் பற்றியது. அது இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1928இல் அவர் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் சேர விரும்பினார். அவருடைய உடல்நிலை கருதி ஆய்வகத்தார் தயங்கினர். அண்ணன் பரிந்து பேசியபின் வேலை கிடைத்தது. நியூயார்க் நகரின் பரபரப்பு அவர் உடலுக்கு ஒவ்வாது என்று கருதி, அவரை நியூ ஜெர்சியின் சிற்றூர்ப் பகுதிக்கு அனுப்பினர். அந்த அமைதியான இடமே பின்னர் அவருடைய ஆய்வுக்கு ஏற்ற களமாயிற்று.

அக்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்து பேச வானொலி அலைகளே துணை. 1927இல் அச்சேவை தொடங்கியபோது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று நிமிடம் பேசக் கட்டணம் 75 டாலர். அவ்வளவு பொருள் கொடுத்துப் பேசுவோர் காதில் இடையிடையே கரகரவென இரைச்சல் புகுந்தால் யார் பொறுப்பர்? அவ்விரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதே ஜான்ஸ்கிக்கு இடப்பட்ட பணி.

அதற்காக ஹோம்டெல் என்னும் ஊரின் வயல்வெளியில் அவர் ஓர் ஆன்டெனாவை அமைத்தார். மரச்சட்டங்களும் உலோகக் குழாய்களும் கொண்ட அதன் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். ஃபோர்டு காரின் நான்கு சக்கரங்கள்மேல் அமர்ந்து, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை அது வட்டமிட்டது. உடன் பணிபுரிந்தோர் அதை ஜான்ஸ்கியின் குடை இராட்டினம் என்று வேடிக்கையாக அழைத்தனர். ஆன்டெனா வாங்கிய ஒலியின் ஏற்ற இறக்கங்களை ஓர் எழுதுகோல் தாள்சுருளில் கோடாக வரைந்தது.

மாதக்கணக்கில் சேர்ந்த தாள்களை ஆராய்ந்த ஜான்ஸ்கி இரைச்சலை மூன்றாகப் பகுத்தார். முதலாவது அருகில் இடிக்கும் இடியால் எழுவது. இரண்டாவது தொலைவிலுள்ள இடியால் எழுவது. மூன்றாவதோ ஓயாமல் ஒலிக்கும் மெல்லிய சீறல். அது தொலைபேசிப் பேச்சைப் பெரிதும் கெடுக்கவில்லை. ஆகவே அதைக் கணக்கில் கொள்ளாமல் விட்டிருந்தாலும் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை.

அச்சீறல் கதிரவனிடமிருந்து வருவதாக முதலில் எண்ணினார். ஆனால், நாள்கள் செல்லச்செல்ல அது வரும் திசை கதிரவனை விட்டு விலகிக்கொண்டே சென்றது. சீறல் உச்சம் அடையும் நேரம் நாள்தோறும் 4 நிமிடம் முந்தியது. ஒரு மாதத்தில் அது 2 மணி நேரம் ஆயிற்று. 24 மணிக்கு மாறாக 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்பி வந்தது. வானியல் அறிந்த நண்பர் ஒருவர் அதன் பொருளை விளக்கினார். விண்மீன்கள் வானில் அதே இடத்துக்குத் திரும்பும் காலம் அதுவே. புவி தன்னைத்தானே சுற்றுவதோடு கதிரவனையும் சுற்றிவருவதால் இவ்வேறுபாடு உண்டாகிறது. எனவே சீறலின் பிறப்பிடம் கதிரவக் குடும்பத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். தனுசு விண்மீன் குழுவின் பக்கம், நம் பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து அது வருவதாக ஜான்ஸ்கி முடிவு செய்தார்.

1933 மே 5 அன்று இச்செய்தி நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. சில நாள்களில் விண்ணின் சீறல் வானொலியிலும் ஒலிபரப்பப்பட்டது. அவ்வளவுதான், பரபரப்பு அடங்கிவிட்டது. ஜான்ஸ்கியின் முக்கியக் கட்டுரைகள் வானொலிப் பொறியாளர்கள் படிக்கும் இதழில் வந்தன. வானியலாளர்கள் அவ்விதழைப் புரட்டுவதில்லை. அவர்களுள் பெரும்பாலோர்க்கு வானொலிக் கருவிகள் பழக்கமற்றவை. பொருளாதார நெருக்கடி மிகுந்த காலமாதலால் புதிய முயற்சிக்குப் பணமும் அரிதாயிருந்தது. ஆய்வகத்தார்க்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. ஜான்ஸ்கி வேறு பணிகளுக்குத் திரும்பினார். அவர் கட்டுரைகளைப் படித்து உள்ளம் கிளர்ந்த கிரோட் ரீபர் என்னும் பொறியாளர், 1937இல் தம் வீட்டுத் தோட்டத்தில் சொந்தப் பணத்தில் ஒரு வட்டில்வடிவ ஆன்டெனா கட்டி அவ்வாய்வைத் தொடர்ந்தார். போர் முடிந்தபின் பல நாடுகளிலும் இத்துறை தழைத்தது. ஆனால், ஜான்ஸ்கி 1950 பிப்ரவரி 14 அன்று, 44ஆம் வயதிலேயே காலமானார். பெரிய பரிசு எதையும் அவர் பெறவில்லை.

1973இல் உலக வானியலாளர்கள் விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு ஜான்ஸ்கி என்று பெயரிட்டனர். ஒரு வாட் ஆற்றலை, 1க்குப் பின் 26 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்துக் கிடைக்கும் நுண்ணிய அளவு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு ஹெர்ட்ஸ் அலைவெண் அகலத்தில் விழுந்தால் அது ஒரு ஜான்ஸ்கி. நீலகிரியில் உதகைக்கு அருகேயுள்ள 530 மீட்டர் நீளமான தொலைநோக்கியிலும், புணேக்கு அருகே கோடத் சிற்றூரைச் சூழ்ந்துள்ள 30 பெரிய ஆன்டெனாக்களிலும் பெறப்படும் அளவீடுகள் இவ்வலகிலேயே எழுதப்படுகின்றன. கட்டுரையின் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலில் அவர் பெயர் இராது. உள்ளே அட்டவணைதோறும் இருக்கும்.

ஹோம்டெலில் இருந்த அவருடைய ஆன்டெனா காக்கப்படவில்லை. அது நின்ற இடத்தைப் பின்னர் தேடிக் கண்டு, 1998இல் அதன் வடிவிலேயே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். 1932 செப்டம்பர் 16 அன்று மாலை 7 மணி 10 நிமிடத்துக்குச் சீறல் உச்சத்தில் ஒலித்தபோது ஆன்டெனா எத்திசையை நோக்கி இருந்ததோ, அத்திசையை நோக்கியே அச்சின்னமும் நிற்கிறது.