உப்பளத்தில் எழுந்த பெருந்தொழில்: ஃபான் ஷூதுங் சரிதம்

புத்தளக் கடனீரேரியின் ஓரத்திலே பிறந்து வளர்ந்த எம்மவருக்கு உப்பளம் புதிய காட்சியன்று. கடல்நீர் பாத்திகளிற் புகுவதும், வெய்யிலிற் காய்ந்து வெண்மணிகளாய் உறைவதும், மூடைகளாய் ஊர்களுக்குச் செல்வதும் நாம் நாளும் கண்டவையே. அத்தகைய உப்பையே முதலாகக் கொண்டு தம் தேசத்தின் இரசாயனக் கைத்தொழிலைத் தோற்றுவித்த சீனப் பெரியார் ஒருவரின் சரிதத்தை எமது மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

ஃபான் ஷூதுங் 1883ஆம் ஆண்டு ஹூனான் மாகாணத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்குத் தமையனாரே துணையானார். 1900ஆம் ஆண்டளவில் யப்பானுக்குச் சென்று, கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பயின்று, 1910இற் பட்டம் பெற்றார். சீனாவிற் குடியரசு அமைந்தபின் அரசாங்க உத்தியோகம் ஏற்று, உப்புத் தொழிலை ஆராய ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். மீண்டு வந்தவர், 1914இல் தியென்சின் நகரையடுத்த தாங்கூக் கடற்கரையில் ஜியுதா என்னும் தூயவுப்புத் தாபனத்தை நிறுவினார். பரம்பரை உரிமையாக உப்பு விற்றுவந்த வணிகர் எதிர்த்தனர், அவர் தளர்ந்தாரல்லர்.

அக்காலை முதலாம் உலக யுத்தம் மூண்டது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் இன்றியமையாத சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடா, புரூனர் மொண்ட் என்னும் ஆங்கிலத் தாபனத்தின் கையிலிருந்தமையாற் சீனாவிற் கிடைத்தற்கரிதாயிற்று. உப்பு, சுண்ணக்கல், அமோனியா ஆகியவற்றைக் கொண்டு அதனை ஆக்கும் முறையைப் பெல்ஜிய நாட்டுச் சொல்வே 1860களிற் கண்டிருந்தார். எனினும் அம்முறையின் நுட்பங்களை அதனையறிந்த தாபனங்கள் பிறருக்குப் புலப்படாது காத்தன. மறைத்ததைத் தாமே கண்டறியத் துணிந்து, 1917இல் யோங்லி சோடா ஆலைக்கு ஃபான் அடிகோலினார்.

அமெரிக்காவிற் பயின்ற ஹௌ தெபாங் என்னும் இளைஞர் 1921இல் ஆலையின் பொறியியற் பொறுப்பை ஏற்றார். 1924இல் வெளிவந்த சோடா வெண்ணிறமாயிராது செந்நிறங் கலந்திருந்தது. உலைகள் எரிந்து பழுதாயின, முதல் கரைந்தது. பங்காளர் மனங்கசந்து, அந்நிய நாட்டு நிபுணரை அமர்த்துமாறு வற்புறுத்தினர். ஃபான் இணங்காது ஹௌவின் பக்கமே நின்றார். 1926ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தூய வெண்சோடா வெளிவந்தது. அவ்வாண்டே பிலடெல்பியாப் பொருட்காட்சியில் அது தங்கப்பதக்கம் பெற்றது. பிறர் மறைத்துக் காத்த முறையை ஹௌ 1933இல் ஆங்கில நூலாக உலகறிய வெளியிட்டமை எண்ணியெண்ணி வியத்தற்குரியது.

இலாபத்தை மட்டும் நாடியவரல்லர் ஃபான். 1922இலேயே இரசாயன ஆராய்ச்சிக் கழகமொன்றைத் தாபித்து, தாபகர் என்ற முறையில் தமக்குரிய ஊதியத்தையும் அதற்கே ஈந்தார். 1937இல் நான்கிங்கையடுத்து அவரது அமோனியா ஆலையும் இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டே யப்பானியப் படை புகுந்தது. கூட்டுச்சேர அவர்கள் அழைத்தபோது மறுத்து, இருபதாண்டு உழைப்பை விட்டு, தொழிலாளருடன் சிச்சுவானுக்குப் பெயர்ந்தார். ஆங்கு உப்பு ஆழ்கிணற்று நீரிலிருந்து பெறப்பட்டமையால் விலையேறியது. பழைய முறையிலோ உப்பில் நாலிலொரு பங்குக்கு மேல் வீணாகும். அக்குறையே, சோடாவோடு பசளையும் தரும் புதிய முறையொன்றை ஹௌ காணக் காரணமாயிற்று. யுத்தம் ஓய்ந்தபின் பத்து ஆலைகள் எழுப்பக் கருதி ஃபான் அமெரிக்கக் கடன் பெற முயன்றார். அரசாங்கம் பிணைநிற்க மறுத்தது. அம்மனத்துயருடனே 1945 ஒக்டோபர் 4ஆம் நாள் சுங்கிங் நகரிற் காலமானார்.

எமது கரையில் உப்புண்டு, அருவக்காட்டிற் சுண்ணக்கல்லுண்டு. அக்கல் சீமெந்தாகின்றது, உப்புப் பெரும்பாலும் கறிச்சட்டிக்கே செல்கின்றது. இவ்விரண்டும் இருத்தலால் மட்டும் ஆலை எழாதென்பதையும், எரிபொருளும் முதலும் சந்தையும் வேண்டுமென்பதையும் நாம் அறிவோம். ஆயினும் தாங்கூவிலும் உப்பு நெடுங்காலம் வெறும் உப்பாகவே கிடந்தது. கற்ற ஒருவர் வந்து, தோல்வியுற்ற ஆண்டுகளிலும் தம்மவரைக் கைவிடாது நின்றமையாலேயே அது பெருந்தொழிலாயிற்று. ஆய்வுகூடத்திற் பயிலும் எம் மாணவர் அடுத்தமுறை உப்பளத்தைக் கடந்து செல்லும்போது, அவ்வெண்குவியலைச் சற்று நின்று நோக்குவாராக.