தேய்வதற்கென்றே ஒரு பாகம்: ஜி.டி.நாயுடு சொல்லித் தரும் பாடம்

சாணார்பட்டி பக்கம் உழவு முடித்துவிட்டு ரோட்டோரம் நிற்கும் டிராக்டரைப் பார்த்திருப்பீங்க. பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையின் அடிநுனியை என்னைக்காவது குனிஞ்சு பார்த்ததுண்டா? அங்கே இருக்கும் இரும்புத் துண்டுதான் கொழு. இரண்டு போல்ட்டில் நிற்கும். மண்ணையும் கல்லையும் உரசி உரசி அது தேயும். ஒரு முனை மழுங்கினால் கழற்றித் திருப்பி மாட்டலாம். இரண்டு முனையும் போனால் புதுசு போடணும். போடாமல் ஓட்டினால் கொழுவைத் தாங்கும் கால் தேய ஆரம்பிக்கும். அப்புறம் செலவு பல மடங்கு.

பனி பெய்யும் நாடுகளில் பனி தள்ளும் மெஷினிலும் இதே கதைதான். வாய்ப்பகுதியின் அடியில் ஸ்கிரேப்பர் பார் என்று ஒரு பட்டை இருக்கும். தரையை உரசுவது அதன் வேலை. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் அதையும் பார்த்து வாங்குவது நல்லது. மாற்றும் முறையும் எளிது. பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, மெஷினைச் சாய்க்கணும். துரு பிடித்த போல்ட்டுகளை எண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றணும். புதுப் பட்டையைப் புது போல்ட்டுகளில் முதலில் லூசாக மாட்டி, நேராக உட்கார்ந்த பிறகே இறுக்கணும்.

இரண்டு மெஷினும் சொல்வது ஒன்றுதான். விலை குறைந்த பாகம் தேய்ந்து, விலை கூடிய பாகத்தைக் காக்கிறது. இதை ஒரு பழைய மெஷினைப் பிரிச்சுப் பார்த்தாலே புரிஞ்சுக்கலாம். அப்படிப் பிரித்துப் பார்த்தே பொறியியல் கற்ற ஒருவர் நம் கொங்கு மண்ணில் இருந்தார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவது அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்தார். அந்தப் பழைய வண்டியையே வாங்கினார்.

இங்கேதான் கவனிக்கணும். வாங்கியதும் அவர் அதில் ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. பாகம் பாகமாகப் பிரித்தார். திரும்பவும் மாட்டினார். எது எதைத் தள்ளுகிறது, எங்கே உரசுகிறது, எது முதலில் தேய்கிறது என்று கையால் தெரிந்துகொண்டார். அதுதான் அவருடைய முதல் செமஸ்டர்.

அடுத்து நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 1920-ல் கடன் பட்டு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். பழனி அப்போது மதுரை மாவட்டம், இன்று திண்டுக்கல் மாவட்டம். டிரைவரும் அவர்தான். ஒரே ஒரு பஸ் வைத்திருப்பவருக்கு அது நடுரோட்டில் நின்றால் அன்றைய பிழைப்பே நின்றது. எந்த பாகம் எப்போது போகும் என்று முன்கூட்டியே தெரிந்தவன்தான் அந்தத் தொழிலில் நிற்க முடியும். நாயுடு நின்றார். ஒரு பஸ் பல பஸ்களாகி, யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது.

பிறகு அவர் கை வைக்காத துறை குறைவு. உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ரேசன்ட் என்ற சவர ரேசரை உருவாக்கினார். மிக மெல்லிய பிளேடுகளையும் வடிவமைத்தார். பிளேடும் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம்தானே! 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, உள்நாட்டிலேயே தயாரான இந்தியாவின் முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். இன்று நம் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் ஓடும் கோயம்புத்தூர் மோட்டார்களின் கதை அங்கிருந்து கிளம்புகிறது.

கோவையில் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கியவர்கள் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கலாம். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும், 1945-ல் ஒரு பொறியியல் கல்லூரியும் அமைய நாயுடு காரணமாக இருந்தார். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. பள்ளியைத் தாண்டாதவர் கல்லூரிக்கு முதல்வரானார். பொறியியல் படிக்க நான்கு ஆண்டு வேண்டாம், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பொறுப்பை விட்டு விலகினார்.

தோல்வி அதோடு முடியவில்லை. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தபோது அந்தக் கார் சாலைக்கு வராமலே போயிருந்தது.

அவர் சொன்ன இரண்டு ஆண்டுக் கணக்கு முழுக்கச் சரின்னு சொல்ல வரலை. கொழு எந்த எஃகில் இருக்கணும், எவ்வளவு கடினமாக்கினால் தேயாது, எந்த அளவைத் தாண்டினால் கல்லில் பட்டு உடையும் என்பதற்குக் கணக்கும் உலோகவியலும் வேணும். அதுக்கு நேரமும் பிடிக்கும். ஆனால் நான்கு வருஷம் படித்தும் ஒரு ஸ்பேனரைத் தொடாமல், கடைசி வருஷம் ப்ராஜெக்ட்டையும் கடையில் காசு கொடுத்து வாங்கி, மெக்கானிக்கல் பட்டம் வாங்க முடிகிறதே! அங்கே நாயுடுவின் கேள்வி இன்னும் நம்மை நோக்கித்தான் நிற்கிறது.

பதில் சொல்ல அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும், பழுதாகி மூலையில் கிடக்கும் மிக்ஸியோ, அப்பாவின் பழைய மொபெட்டோ, ஏதாவது ஒன்றை எடுங்க. மின்சாரத்தில் ஓடுவது என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிடுங்க. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக ஒரு துணியில் வைத்து போட்டோ எடுத்துக்குங்க. எது தேய்ந்திருக்கு, ஏன் அது மட்டும் தேய்ஞ்சுதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க. திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு மிஞ்சினாலும் பயப்படாதீங்க. அது எங்கே போகணும்னு தேடும்போதுதான் பொறியியல் ஆரம்பிக்குது.