கணக்கேடும் காடும்: சிக்கோ மெண்டிஸ் என்னும் தொழிற்சங்கவாதி

பிரேசிலின் மேற்குக் கோடியில், பொலிவிய எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது ஆக்ரி மாநிலம். அங்குள்ள ஷாபுரி என்னும் சிற்றூரை அடுத்த காட்டில் 1944 டிசம்பர் 15 அன்று பிறந்தவர் சிக்கோ மெண்டிஸ். அமேசான் காட்டுக்காக உயிர்நீத்தவர் என்றே உலகம் அவரை நினைவுகூர்கிறது. அது உண்மைதான். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் தம்மைச் சூழலியலாளர் என்று கருதியதில்லை. அவர் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, தொழிற்சங்கவாதி. இந்த அடையாளம் மறக்கப்பட்டால் அவர் கட்டிய இயக்கம் எப்படித் தொடங்கியது என்பது விளங்காமலே போய்விடும்.

அமேசானின் ரப்பர் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டவையல்ல. காட்டில் தாமாக முளைத்துச் சிதறி நிற்பவை. ஒரு குடும்பம் இரண்டு மூன்று ஒற்றையடிப் பாதைகளின் மரங்களை நம்பி வாழும். விடியும் முன்பே விளக்கோடு புறப்பட்டு மரம் மரமாகக் கீறல் போட்டுக் கிண்ணம் வைக்க வேண்டும். பிறகு அதே வழியில் மறுபடி நடந்து பாலைச் சேர்த்து, மாலையில் புகைமூட்டத்தில் உறையவைத்து உருண்டையாக்க வேண்டும். மெண்டிஸ் தம் 9ஆம் வயதில் தந்தையுடன் இவ்வேலைக்குப் போனார். உருண்டையைக் காட்டின் உரிமையாளனிடம் மட்டுமே விற்கலாம். உப்பையும் மண்ணெண்ணெயையும் கத்தியையும் அவனுடைய கிடங்கில் மட்டுமே, அவன் சொன்ன விலைக்கு வாங்கலாம். எடையும் விலையும் கடனும் அவனுடைய கணக்கேட்டில் ஏறும். ஆண்டு முடிவில் பாக்கி எப்போதும் தொழிலாளியின் பக்கமே நிற்கும். அந்தக் காடுகளில் பள்ளிக்கூடம் அனுமதிக்கப்படவில்லை. எழுத்தறிந்தவன் ஏட்டைப் படித்துவிடுவான் என்பதே காரணம். எழுத்தை ஏன் மறுத்தார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதே மரத்தோடு நம் மக்களுக்கும் ஓர் உறவுண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. அந்தத் தோட்டங்களில் பால்வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்றவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்திரளாக இருந்தனர். மலாயாவின் மலிவான ரப்பர் சந்தைக்கு வந்ததும் அமேசானின் ரப்பர் வணிகம் சரிந்தது. முதலாளிகள் வேறு தொழில் தேடிப் போனார்கள். கடனில் கட்டுண்ட தொழிலாளிகள் காட்டிலேயே தங்கினார்கள்.

மெண்டிஸுக்கு எழுத்து வந்த கதை தனித்துச் சொல்லத் தக்கது. 1935ஆம் ஆண்டுப் பொதுவுடைமை எழுச்சியில் பங்கேற்றுச் சிறைசென்ற யூக்லிடிஸ் தாவோரா என்னும் முன்னாள் படைவீரர் அந்தக் காட்டில் மறைந்து வாழ்ந்தார். பதின்ம வயதுச் சிக்கோ வார இறுதிகளில் பல மணி நேரம் நடந்து அவருடைய குடிசைக்குச் சென்றார். பாடநூல் இல்லை, பல வாரங்கள் பழையதான செய்தித்தாள்களே அரிச்சுவடி. பின்னர் ஒரு வானொலிப் பெட்டி வந்தது. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மாஸ்கோ, பி.பி.சி., அமெரிக்கக் குரல் ஆகிய மூன்று நிலையங்களின் போர்த்துகீசிய ஒலிபரப்பையும் இருவரும் கேட்டார்கள். ஒரே நிகழ்வு மூன்று விதமாகச் சொல்லப்படுவதைச் சிக்கோ கண்டது அங்கேதான். அரசின் பிடியில் இருந்தாலும் தொழிற்சங்கம் தோன்றினால் அதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று தாவோரா அறிவுறுத்திச் சென்றார்.

அந்த வாய்ப்பு 1975இல் பிரேசிலேயா ஊரில் வந்தது. அதற்குள் காட்டின் நிலை மாறியிருந்தது. இராணுவ அரசு நெடுஞ்சாலைகளையும் வரிச்சலுகைகளையும் அறிவிக்க, தென்மாநிலப் பண்ணையார்கள் மாட்டுப் பண்ணைகளுக்காக நிலம் வாங்கிக் குவித்தார்கள். பத்திரத்தில் கைமாறிய நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் கணக்கில் வரவில்லை. குடிசைகள் எரிந்தன, மரங்கள் வீழ்ந்தன. அவ்வூரின் கிராமப்புறத் தொழிலாளர் சங்கத்தில் மெண்டிஸ் செயலாளர் ஆனார். 1977இல் ஷாபுரியிலும் சங்கம் அமைத்தார்.

1976 மார்ச்சில் அவர்கள் கண்டெடுத்த போராட்ட வடிவத்திற்கு எம்பாத்தே என்று பெயர். தடுத்து நிறுத்துதல் என்று பொருள். மரம் வெட்டும் இடத்திற்கு நூறு இருநூறு பேர் திரண்டு செல்வார்கள். பெண்களும் குழந்தைகளும் கூட வருவார்கள், சில இடங்களில் தேசிய கீதம் பாடியபடி. இயந்திர ரம்பம் பிடித்திருப்பவனும் கூலிக்கு வந்த ஏழையே. ஆகவே அவனைத் தாக்காமல் அவனிடம் பேசுவார்கள்: இன்று எங்களை வெளியேற்றும் பண்ணைக்கு நாளை நீயும் தேவைப்பட மாட்டாய் என்பதே பேச்சின் சாரம். பலர் ரம்பத்தைக் கீழே வைத்தார்கள். தொழிலாளர் முகாமைக் கலைத்துவிட்டுக் கூட்டம் திரும்பும். மெண்டிஸ் தந்த கணக்கின்படி 1988 வரை 45 எம்பாத்தேக்கள் நடந்தன. அவற்றில் 30 தோல்வி, 15 வெற்றி. அந்தப் பதினைந்தில் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் காடு தப்பியது. தோல்விகளை மறைக்காமல் எண்ணி வைத்திருந்த இந்த நேர்மை பல இயக்கங்களிடம் காணக் கிடைக்காதது.

விலையும் சிறிதன்று. 1980 ஜூலையில் பிரேசிலேயா சங்கத் தலைவர் வில்சன் பின்யேரோ சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகளை அரசு தேடவில்லை. சில நாட்களில் ஆத்திரமுற்ற தொழிலாளர்கள் பண்ணை மேலாள் ஒருவனைக் கொன்றபோது அதே அரசு மின்னல் வேகத்தில் வந்தது. கைதும் சித்திரவதையும் நூற்றுக்கணக்கானவர்களைத் தொட்டன. வன்முறையைத் தூண்டியதாக மெண்டிஸ் மீதும் தொழிலாளர் கட்சித் தலைவர் லூலா மீதும் தேசப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது, பின்னர் விடுதலையானார்கள்.

காட்டுக்குள் இருந்த போராட்டம் வெளியுலகை எட்டியது 1985இல்தான். மானுடவியலாளர் மேரி அலெக்ரெட்டியின் உதவியுடன் தலைநகர் பிரேசிலியாவில் ரப்பர் தொழிலாளரின் முதல் தேசிய மாநாடு கூடியது. அங்கு உருவான கோரிக்கையே இயக்கத்தின் உண்மையான கண்டுபிடிப்பு. அரசு ஆளுக்கொரு துண்டு நிலம் தர முன்வந்தது. ஆனால் பால்வெட்டும் பாதை நேர்க்கோட்டு எல்லைக்குள் அடங்காது. துண்டு போட்டால் காடு போய்விடும். எனவே தனிப் பட்டா வேண்டாம் என்றார்கள். நிலம் அரசுடைமையாக இருக்கட்டும். பயன்படுத்தும் உரிமை அங்கு வாழ்வோருக்குக் கூட்டாக வேண்டும். விற்கும் உரிமை எவருக்கும் வேண்டாம். பழங்குடியினரின் நிலங்களைப் பார்த்து உருவான எண்ணம் இது. அந்தப் பழங்குடியினரையே வேட்டையாட முற்காலத்தில் ரப்பர் முதலாளிகள் தம் தொழிலாளிகளை ஏவியிருந்தார்கள். இரு தரப்பிலும் தலைமுறைப் பகை இருந்தது. அதைக் கடந்து இருவரும் வனமக்கள் கூட்டணி அமைத்தது, என் பார்வையில், மெண்டிஸின் வாழ்வில் மற்ற எந்தச் சாதனையையும்விடக் கடினமானது.

சூழலியலாளர் என்ற பட்டம் வந்தது இதன் பிறகே. காட்டைத் திறந்துவிடும் நெடுஞ்சாலைக்குக் கடன் தந்தது அமெரிக்கக் கண்டங்களின் வளர்ச்சி வங்கி. அமெரிக்கச் சூழலியலாளர்களின் துணையுடன் மெண்டிஸ் 1987இல் மயாமியில் அவ்வங்கியின் கூட்டத்துக்கே சென்றார். வாஷிங்டனில் அரசியலாளர்களைச் சந்தித்தார். கடன் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதும் கிடைத்தது. அந்த அடையாளம் பயன்படும் என்று அறிந்தே அவர் அதை ஏற்றார். ஊரிலோ வளர்ச்சிக்கு எதிரி என்ற வசை எழுந்தது.

1988இல் அவர் முன்பு பால்வெட்டிய கஷொய்ரா காட்டின் மீது டார்லி ஆல்வெஸ் என்ற பண்ணையார் உரிமை கோரினார். தொழிலாளர்கள் வழிமறித்தார்கள், அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. டார்லி மீது வேறு மாநிலத்தில் கொலை வழக்கில் பிடியாணை இருப்பதை மெண்டிஸ் கண்டறிந்து காவல்துறையிடம் சேர்த்தார். பிடியாணை செயலாகத் தாமதமானது, பண்ணையார் தலைமறைவானார். டிசம்பர் 22 மாலை, ஷாபுரியில் தம் சிறிய மரவீட்டின் சமையலறையில் பாதுகாப்புக்கு வந்த காவலர்கள் டொமினோ ஆடிக்கொண்டிருக்க, குளிக்கப் பின்கதவைத் திறந்த மெண்டிஸ் சுடப்பட்டார். 44 வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. மனைவி இல்சாமாரும் இரு சிறு குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள்.

பிரேசிலில் கொல்லப்பட்ட எத்தனையோ கிராமத் தலைவர்களின் வழக்குகள் நீதிமன்றத்தையே காணவில்லை. இவ்வழக்கில் உலகின் கண் இருந்தது. 1990இல் டார்லிக்கும், சுட்ட மகன் டார்சிக்கும் தலா 19 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1993இல் இருவரும் சிறையிலிருந்து தப்பி, 1996இல் மீண்டும் பிடிபட்டார்கள்.

தீர்ப்புக்கு முன்பே, 1990 மார்ச்சில், சுமார் 9.7 லட்சம் ஹெக்டேர் காடு சிக்கோ மெண்டிஸ் பெயரில் தொழிலாளரின் கூட்டுப் பயன்பாட்டுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவரோடு எம்பாத்தேக்களில் நின்றவரும், பதின்ம வயதில்தான் எழுத்தறிந்தவருமான மரினா சில்வா 2003இல் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சரானார். இன்று அக்காப்பகத்தின் உள்ளேயே மாடுகள் மேய்கின்றன. ரப்பருக்கு விலையில்லாத ஆண்டுகளில் பால்வெட்டியவர்களின் பிள்ளைகளும் காட்டின் ஒரு மூலையை வெட்டி மாடு வாங்கினார்கள். விற்கக் கூடாத நிலத்தை வெளியாருக்கு விற்றவர்களும் உண்டு. பால்வெட்டுக்கு நியாய விலை கேட்டு ஷாபுரிச் சங்கம் இன்றும் கூட்டம் போடுகிறது.